வெட்டாமல் வைத்திருந்த வண்டி

எங்கள் வீட்டு முன்னறையில் பிடித்த தீ மகளின் ஃபோன் சார்ஜரால் வந்தது என்று ஐந்து வாரங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவியிடம் சொன்னேன். டாக்டரிடம் சொன்னேன். எதிர்வீட்டில் கேட்டபோது சொன்னேன். பள்ளியில் காலை இறைவணக்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னேன். இயற்பியல் ஆசிரியர் சொல்கிறார் என்பதால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். நான் ஒருவன். வலது உள்ளங்கையில் கட்டோடு அந்தக் கூட்டத்தில் பத்தாம் வகுப்பு வரிசையில் நின்றிருந்த என் மகள் இன்னொருத்தி.

தீ வந்தது என் காரின் பேட்டரியிலிருந்து. கார் என்றால் ரிமோட்டில் ஓடுகிற பழைய கார். கப்பலில் வேலை பார்த்த என் மாமா, எனக்குப் பதினோரு வயதானபோது வாங்கி வந்தது. ஜப்பானில் செய்தது. பின்னால் அகலமான முள் டயர்கள், முன்னால் ஒல்லி டயர்கள், உள்ளே இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஓட்டுநர் பொம்மை. மண்ணிலும் புல்லிலும் துள்ளிக்கொண்டு ஓடும். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் பக்கி என்று பெயர். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "பேரு கரெக்டா வச்சிருக்காங்க. ஆனா காருக்கு இல்ல, உங்களுக்கு" என்றாள்.

வாங்கிய மறுவருடமே முன் சக்கரத்தைத் தாங்கும் கை உடைந்தது. அதற்குள் கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது. உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. கார் அதன் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் படுத்தது. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியரானேன், வேங்கிக்காலில் வீடு கட்டினேன். பெட்டியும் கூடவே வந்தது.

பிறகு ஃபோன் வந்து, ஃபோனில் ஒரு குழு வந்தது. என்னைப் போல் பழைய ரிமோட் கார்களைக் கட்டிக்கொண்டு அழும் நாற்பது ஐம்பது பேர். எல்லோருக்கும் ஒரே ஏக்கம். அந்தக் கம்பெனி அவ்வப்போது தன் பழைய அச்சுகளைத் தூசி தட்டி, நிறுத்திவிட்ட மாடல் ஒன்றை மறுபடியும் தயாரித்து விற்கும். மறுவெளியீடு. வருடத்துக்கு ஒரு முறை பட்டியல் வரும். அதில் நம் வண்டி இருக்கிறதா என்று பார்ப்போம். இருக்காது. அடுத்த வருடம் வரை பேசிக்கொண்டிருப்போம். யாரோ ஒருவன் ஜப்பானியக் கடைக்காரர் இப்படிச் சொன்னார் என்று ஒரு படத்தைப் போடுவான். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இரண்டு நாள் பார்ப்போம். நாற்பத்தெட்டு வயதில், விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் செய்த வேலை இது.

குழுவை நடத்துபவர் வேலூரில் பல் டாக்டர். அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் பட்டியலுக்கு முன்னால் கம்பெனிக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுவோம். ஓடுகிற வண்டி வைத்திருப்பவர்கள் மட்டுமே அதில் பெயர் போடலாம். அன்றைய நாளிதழைப் பக்கத்தில் வைத்து, வண்டி ஓடும் வீடியோவைக் குழுவில் போட வேண்டும். "அலமாரில வச்சு கற்பூரம் காட்டறவங்களுக்கெல்லாம் இதுல எடம் இல்ல சார். ஓடணும்" என்பார். இன்னொரு வழக்கமும் உண்டு, அது யாரும் எழுதி வைக்காதது. அசல் வண்டியை வெட்டக் கூடாது, துளை போடக் கூடாது, அரத்தால் ராவக் கூடாது. அப்படிச் செய்தவனைக் குழுவில் கொலைகாரனைப் போலப் பார்ப்பார்கள்.

காரின் உடைந்த கையை நான் ஒரு வழியாகப் பொருத்திவிட்டேன். பேட்டரிதான் சிக்கல். அந்தக் காலத்துப் பேட்டரிக்கு ஓரங்கள் உருண்டையாக இருக்கும். காரின் அடிப்பகுதியில் அதைச் செருகும் வாயும் அதே உருண்டை வடிவம். இப்போது கிடைக்கும் லித்தியம் பேட்டரிகள் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் சதுர மூலைகளோடு வருகின்றன. உள்ளே போகாது. வழி இரண்டு. காரின் வாயை மூலைக்கு இரண்டு மில்லிமீட்டர் அரத்தால் ராவலாம். அல்லது பேட்டரியின் கூட்டைப் பிரித்து எடுத்துவிடலாம்.

நான் கூட்டைப் பிரித்தேன். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியபோது உள்ளே இருந்த வெள்ளி நிறப் பையில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். மேலே டேப் சுற்றினேன். அந்தக் கூடு எதற்காக இருக்கிறது என்று தேர்வில் கேட்டால் படம் போட்டு பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

அது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. மனைவி தபால் நிலையத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்பவர்களோடு நாலு மணிக்கே கிரிவலம் கிளம்பிவிட்டாள். வெளிச்சம் போவதற்குள் ஏரிக்கரை மண்ணில் காரை ஓட்டி வீடியோ எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். சார்ஜ் சீக்கிரம் ஏறட்டும் என்று பேட்டரி சார்ஜரில் மின்னோட்டத்தை இரண்டு மடங்காக வைத்தேன். முன்னறை மேசையில் மகள் சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். பிளக் அங்கேதான் இருந்தது. மேசையில் அவள் புத்தகத்துக்குப் பக்கத்தில் பேட்டரி, அதற்குப் பக்கத்தில் கார். லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆகும்போது யாராவது கூடவே இருக்க வேண்டும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் முதல் பாடம். அதனால் மகளிடம், "கொஞ்சம் பாத்துக்கோம்மா, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் பல் டாக்டரோடு ஃபோனில் கடிதத்தின் வாசகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காவல் வைத்துவிட்டேன் என்று மனதுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

"அப்பா, இது உப்புது" என்றாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றேன். டாக்டர் அப்போதுதான் நல்ல ஒரு வரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வாயேன். ஒரு மாதிரி நாறுது."

"வரேன், வரேன்."

குக்கர் விசில் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடினேன். முன்னறை முழுக்க வெள்ளைப் புகை. மேசைமேல் பேட்டரி சீறிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரையில் தீ ஏறிவிட்டது. மகள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தாள். கார் என் பக்கமாக இருந்தது.

நான் காரை எடுத்தேன். இரண்டு கையாலும் எடுத்தேன். வெளியே ஓடி, வாசற்படியில் நான்கு சக்கரமும் படியும்படி இறக்கி வைத்தேன். தூக்கி எறியவில்லை. இறக்கி வைத்தேன். பிறகு திரும்பி உள்ளே போனேன்.

அதற்குள் அவளே பேட்டரியின் ஒயரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளியிருந்தாள். எரிந்துகொண்டிருந்த டேப் அவள் வலது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பிய்த்துப் போட்டேன், பக்கத்து மனையில் குவித்திருந்த கட்டட மணலை வாரிக் கொட்டினேன், அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன், அந்த முதல் காரியத்தைத் தவிர.

ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பௌர்ணமிக் கூட்டத்துக்காகச் சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். மகள் கையைத் தூக்கிக் காட்டினாள், போலீஸ்காரர் உடனே தடுப்பை நகர்த்தினார். கட்டுப் போடும்போது மனைவிக்கு ஃபோன் செய்தேன். அவள் அடி அண்ணாமலையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒலிபெருக்கியும் ஊதுகுழல் சத்தமும்.

"என்னங்க? சத்தமா சொல்லுங்க."

"பொண்ணுக்குக் கையில தீக்காயம். பயப்படாத. வீட்ல தீ புடிச்சிடுச்சு."

"ஐயோ. எப்படிங்க?"

"ஃபோன் சார்ஜர் வெடிச்சிடுச்சு."

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்தவுடன் அது வசதியாக இருப்பதை உணர்ந்தேன். அதே பிளக் போர்டில் மகளின் ஃபோன் சார்ஜரும் மாட்டியிருந்தது. அதுவும் உருகித்தான் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என்னைப் பார்த்தாள். நான் நர்ஸைப் பார்த்தேன்.

கிரிவலத்தைப் பாதியில் விட்டுவிட்டு மனைவி ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். "வூட்லயே இருந்திருக்கணும். நான் ஒருத்தி, ஊர் சுத்தப் போனேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு மகளைத் திட்டினாள். "எத்தன வாட்டி சொன்னேன், ராவெல்லாம் சொருகி வைக்காதடின்னு. இனிமே உனக்கு ஃபோனே கெடையாது." மகள் கையின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவே மணலோடு சேர்த்து பேட்டரியின் கரியை ஒரு சாக்கில் அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் காரைப் பள்ளிக்கு எடுத்துப் போய் ஆய்வகப் பீரோவில், உடைந்த வோல்ட் மீட்டர்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன்.

பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. காயம் ஆறிவிடும், விரல்கள் மடங்கப் பயிற்சி செய்ய வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவள் ரப்பர் பந்தை அழுத்துவாள், எழுதிப் பார்ப்பாள், வலித்தால் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். என்னிடம் கேட்டதற்குப் பதில் சொன்னாள், எல்லாவற்றுக்கும் மரியாதையாகச் சொன்னாள். அதுவரை என்னை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். அது நின்றுபோனதை மனைவி கவனித்து, "பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா" என்று சந்தோஷப்பட்டாள்.

மூன்றாவது வாரம் பிரின்சிபால் கூப்பிட்டார். "சார், பசங்க எல்லாம் தலமாட்டுல ஃபோன சார்ஜ் போட்டுட்டுத் தூங்கறாங்க. உங்க வீட்ல நடந்ததயே ப்ரேயர்ல ரெண்டு வார்த்த சொல்லுங்களேன். நீங்க சொன்னா எடுபடும்."

மறுத்திருக்கலாம். தொண்டை சரியில்லை என்றிருக்கலாம். போய் நின்று ஐந்து நிமிடம் பேசினேன். மின்னோட்டம், வெப்பம், தரமற்ற சார்ஜர் என்று நன்றாகவே பேசினேன். முடிக்கும்போது பிரின்சிபால் மகளை முன்னால் கூப்பிட்டு, "கைய காட்டும்மா, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். அவள் வந்து கையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைகள் "ஸ்ஸ்" என்றார்கள். நான் மைக்கை அணைப்பதற்காகக் குனிந்தேன். அதற்கு அத்தனை நேரம் ஆகாது. ஆக்கினேன்.

ஐந்தாவது வாரம், இடைவேளையில் பல் டாக்டர் ஃபோன் செய்தார். ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"சார்! வந்துடுச்சு சார்! நம்ம வண்டி!"

முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். ஆசிரியர் அறையில் என் கை தானாக மேசையைத் தட்டியது. கணக்கு டீச்சர், "என்ன சார், லாட்டரியா?" என்றார். குழுவைத் திறந்தேன். புது அட்டைப்பெட்டியின் படம். அதே ஓட்டுநர் பொம்மை, அதே ஒட்டுப்படங்கள். எல்லோரும் அழுகிற பொம்மைகளையும் வெடிகளையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே கம்பெனியின் குறிப்பு சின்ன எழுத்தில் இருந்தது. இக்காலத்துச் சதுரப் பேட்டரிகள் பொருந்தும்படி அடிப்பகுதியின் வாய் சற்றே விரிவாக்கப்பட்டுள்ளது.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் தொடக்கூடாது என்று காத்த இரண்டு மில்லிமீட்டரை, அதைச் செய்தவர்களே எடுத்துவிட்டார்கள். பெரிய விஷயமாகச் சொல்லக்கூட இல்லை, ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மைதானத்தில் பத்தாம் வகுப்புப் பெண்கள் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் மகள் இடது கையால் மூடியைத் திறக்கப் பார்த்து, முடியாமல் தோழியிடம் நீட்டினாள்.

அன்று மாலை மனைவி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்க."

"அன்னிக்கு வெடிச்சது ஃபோன் சார்ஜர் இல்ல. என் கார் பேட்டரி. நான்தான் அத பிரிச்சேன். சார்ஜ் போட்டதும் நான்தான்."

கீரையைக் கீழே வைத்தாள். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து முன்னறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். "ஏண்டி என்கிட்ட சொல்லல?" என்று மகளைக் கேட்டாள்.

"அப்பாவே சொல்லுவாருன்னு பாத்தேன்."

"உன் ஃபோன புடுங்கினேனே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"நீ என்னைய கேக்கவே இல்லயேம்மா. அப்பாவதான் கேட்ட."

மனைவி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அதோடு முடித்துக்கொண்டிருக்கலாம். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லப் போவதில்லை என்பது புரிந்தது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றேன். "தீ புடிச்சப்ப நான் மொதல்ல இவள தூக்கல. கார தூக்கிட்டு வெளிய போனேன். வச்சிட்டுத்தான் வந்தேன்."

மனைவி மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அது இப்ப எங்க?" என்றாள்.

"ஸ்கூல்ல. லேப் பீரோல."

"எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாங்கன்னா வாங்க. எம்பொண்ணவிட ஜாஸ்தியா அதுல என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

மறுநாள் கொண்டு வந்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டாள். "இவ்ளோ கம்மியான வெயிட்டா" என்றாள். கொண்டுபோய் டிவி பக்கத்தில் வைத்துவிட்டாள். வேறு இடத்தில் வைக்கலாமா என்று ஒரு முறை கேட்டேன். "இருக்கட்டும், உங்களுக்குக் கண்ல படணும்" என்றாள்.

பல் டாக்டரிடமும் சொன்னேன். புது வண்டிக்கு என் பெயரை முதலில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன், காரணம் கேட்டார். சொன்னேன். பிறகு மெதுவாக, "சார்... என்கிட்டயும் அப்டி பிரிச்ச பேட்டரி ரெண்டு இருக்கு. பேரன் தூங்கற ரூம்ல" என்றார். உடனே போய் எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வீட்டில் சொன்ன பிறகு எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. பிரின்சிபாலிடம் போய், ப்ரேயரில் மறுபடி பேச வேண்டும் என்று கேட்டேன். "முடிஞ்சத எதுக்கு சார் கெளறணும்? பேரண்ட்ஸ் காதுக்குப் போனா வேற மாதிரி ஆயிடும்" என்றார். சரி, மகளின் வகுப்பிலாவது சொல்லிவிடலாம் என்று, எனக்கு ஓய்வாக இருந்த ஒரு பாடவேளையில் பத்தாம் வகுப்புக்குள் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, பொய், ப்ரேயர். காரைத் தூக்கியதை மட்டும் விட்டுவிட்டேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான்.

"சார், அப்ப கார் தப்பிச்சிச்சா?"

"தப்பிச்சிச்சு."

"எப்டி சார்?"

"நான் மொதல்ல அதத்தான் எடுத்தேன்."

வகுப்பு சிரிக்கவில்லை. எல்லோரும் மெல்லத் தலையைத் திருப்பி என் மகளைப் பார்த்தார்கள். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதெல்லாம் சிவந்திருந்தது. நான் ஒரு பாரத்தை இறக்கிய நிம்மதியோடு வெளியே வந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அன்று மாலை அவள் என் ஸ்கூட்டரில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

"என்னைய கேட்டீங்களா?"

"என்னம்மா?"

"என் கிளாஸ்ல வந்து சொன்னீங்களே, என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? எல்லாரும் என்னைய பாவமா பாக்கறாங்க. அப்பாவுக்கு காரவிட அவ கம்மின்னு பாக்கறாங்க. சாப்பாட்டு நேரத்துல எவளும் பேசல. பொய் சொல்லும்போதும் என்னைய காட்டித்தான் சொன்னீங்க. நெஜம் சொல்லும்போதும் என்னைய காட்டித்தான் சொல்றீங்க."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மகள் பக்கமும் வரவில்லை, என் பக்கமும் வரவில்லை.

அதன் பிறகு நான் அவளைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசுவதில்லை. தேர்வு முடிந்தது. எல்லாத் தேர்வையும் அவளே எழுதினாள், உதவிக்கு ஆள் வேண்டாம் என்றுவிட்டாள். விடுமுறையில் இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எதற்கு என்றாள். எங்காவது யாராவது ஒருவர் பேட்டரிக் கூட்டை நெம்பிக்கொண்டிருப்பார் என்றேன். எழுதிக் காட்டச் சொன்னாள். யார் பெயரும் வரக் கூடாது, வீட்டில் கூப்பிடும் பெயர்கூட வரக் கூடாது என்றாள்.

எழுதிக் கொடுத்ததைக் கட்டிலில் குப்புறப் படுத்துப் படித்தாள். கட்டு மாற்றும்போது நடந்ததைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. "இத எடுத்துடுங்க" என்றாள். எடுத்துவிட்டேன். வகுப்பில் நிம்மதியோடு வெளியே வந்தேன் என்ற வரி அப்போது இல்லை. "அன்னிக்கு வெளிய போகும்போது உங்க மொகம் எப்டி இருந்திச்சுன்னு எனக்குத் தெரியும். அத எழுதல நீங்க" என்றாள். எழுதிச் சேர்த்தேன்.

இரண்டாவது முறை படித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கிக் கொடுத்தாள்.

"போடுங்க. ஆனா கடைசில நான் மன்னிச்சிட்டேன்னு எழுதிடாதீங்க."

"நீ மன்னிக்கலயே."

"அதான் சொல்றேன். எழுதாதீங்க."

பதினோராம் வகுப்புக்கு இப்போது டவுனில் டியூஷன் போகிறாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவளிடம், "கொண்டு போய் விடட்டுமா?" என்று கேட்டேன். வாசலில் நின்று யோசித்தாள்.

"வேணாம். பஸ் இருக்கு" என்று போனாள். நான் தெரு முனையில் அவள் திரும்பும்வரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.